தொப்பூர் ஏறும் முன் ஹீட்டர் ஹோஸைப் பாருங்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓட்டிய 2003 மாடல் மாருதி ஜென் கார் இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. சேலம் போய்த் திரும்பும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் ஹீட் முள் பாதியைத் தாண்டியிருக்கிறது. வீட்டில் நிறுத்திப் பார்த்தால் இன்ஜினுக்குப் பின்பக்கம் வெளுத்த பச்சை நிறத்தில் தண்ணீர் சொட்டுகிறது. டேஷ்போர்டுக்குள் போகிற இரண்டு ரப்பர் ஹோஸில் ஒன்று ஈரமாக இருக்கிறதாம். ஷெட்டில் காட்டினால், "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு? ஹோஸை வெட்டி போல்ட் வெச்சு அடைச்சிடலாம்" என்றார்களாம். அடைத்துவிடலாமா, இல்லை புது ஹோஸ் வாங்கி நானே மாற்றலாமா அண்ணா என்பது கேள்வி.

நீங்களே மாற்றலாம் தம்பி. அவசரப்படாமல் செய்தால் ஹோஸை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். போல்ட் வைத்து அடைக்க வேண்டாம். ஆனால் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு, இத்தனை நாள் ஊற்றிய அதே தண்ணீரையே மறுபடி ஊற்றினால் அடுத்த வருடமும் இதே வேலை இருக்கும். சொட்டுகிற தண்ணீர் வெளுத்த பச்சை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அங்கேதான் கண் நின்றது. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் பச்சை வகை என்றால் அடர்த்தியான பச்சையாக இருக்க வேண்டும். வெளுத்திருக்கிறது என்றால் குறையக் குறைய யாரோ வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் வெறும் தண்ணீர் என்றால் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அது கூலன்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி போட்டு ஓட்டினாலும் இன்ஜினுக்குப் பின்னால் அதே இடத்தில் தண்ணீர் சொட்டும். ஏசி தண்ணீருக்கு நிறமும் வாசனையும் கிடையாது, விரலில் ஒட்டாது. கூலன்ட் விரலுக்கிடையில் வழவழவென்று இருக்கும், இனிப்பு கலந்த ஒரு வாசனை அடிக்கும். ஆனால் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. அதிலிருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம்.

அடுத்து, இடது பக்க முன் சீட்டில் உட்கார்ந்தால் கால் வைக்கும் இடத்தில் விரித்திருக்கும் மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள். அங்கே பிசுபிசுப்பான ஈரம் இருந்தாலோ, ஹீட்டர் போட்டதும் முன் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் மாதிரி புகை படிந்தாலோ, ஒழுகுவது உள்ளே இருக்கும் ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர் என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். அது போயிருந்தால் வேலையே வேறு. உள்ளே காய்ந்து கிடந்து, வெளியே ஹோஸ் மட்டும் ஈரமாக இருந்தால் உங்களுக்கு நல்ல செய்தி.

இந்த இரண்டு ஹோஸ் என்ன செய்கின்றன என்று தெரிந்தால் வேலை எளிது. ஒன்று இன்ஜினின் சூடான பக்கத்திலிருந்து, அதாவது சிலிண்டர் ஹெட் என்கிற இன்ஜினின் மேல்பகுதி அல்லது இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து, சுடுதண்ணீரை ஹீட்டர் கோருக்குக் கொண்டுபோகிறது. மற்றது அங்கிருந்து வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்ப அனுப்புகிறது. இன்ஜின் ஓடும்போதெல்லாம் இதில் அழுத்தம் இருக்கும். ரேடியேட்டர் மூடியில் 0.9 என்று எழுதியிருந்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கிறது என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட ஏறக்குறைய 118 டிகிரிக்குப் போன பிறகுதான் கொதிக்கும். ஹோஸில் ஓட்டை விழுந்ததும் அழுத்தம் போய்விடுகிறது. 105 டிகிரியில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்து ஆவியாகத் தொடங்குகிறது. ஏற்றத்தில் வண்டி திணறிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் ஹெட் தாங்காது.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஷெட்டுக்கு வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர்களில் பலர் இதில்தான் ஏமாந்திருந்தார்கள். ஹீட் முள்ளுக்குத் தகவல் தரும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் இறங்கி, சென்சார் வெறும் காற்றில் நின்றால், முள் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் செய்யும். ஒருவர் தொப்பூரில் முள் மேலே போனதைப் பார்த்துப் பயந்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் அது சரசரவென்று கீழே வந்ததும் "சரியாயிடுச்சு" என்று நிம்மதியாகத் தருமபுரி வரை ஓட்டி வந்துவிட்டார். பேனட்டைத் திறந்தால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஹெட் வளைந்து, அதன் அடியிலிருக்கும் கேஸ்கெட் அடித்து, ஹெட்டைச் சமமாகத் தேய்க்கும் ஃபேசிங் வரை போய்ப் பல ஆயிரம் செலவு. போனது சில நூறு ரூபாய் ஹோஸ். ஏறிய முள் திடீரென்று விழுந்தால் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள்.

இப்போது போல்ட் விஷயம். அதில் எனக்கு இரண்டு மறுப்பு உண்டு. சில இன்ஜின்களில், சூடேறியதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வான தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது தண்ணீர் சுற்றி வர இந்த ஹீட்டர் பாதையும் ஒரு வழி. அதை அடைத்தால் சூடு ஒரே இடத்தில் தேங்கும். இரண்டாவது, வெட்டிய பழைய ஹோஸ் துண்டிலேயேதான் போல்டைச் செருகுவார்கள். அழுத்தம் முழுவதும் அதே நைந்த ரப்பர் மேல்தான். போல்ட் துருப்பிடிக்கும், அதன் மரை ரப்பரை உள்ளிருந்து அறுக்கும். ஹீட்டர் கோரே ஒழுகி, இப்போதைக்கு மாற்ற வசதியில்லை என்றால், இன்ஜின் பக்க இரண்டு பைப்பையும் ஒரு புது ஹோஸால் யூ வடிவில் இணைத்துவிடுவது எவ்வளவோ மேல். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வண்டிக்கு அதுவும் தேவைப்படாது. ஹீட்டர் வேண்டாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்கழியில் விடியற்காலை ஓசூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 900 மீட்டர் உயரத்தில் பனி இறங்கி முன் கண்ணாடி உள்பக்கம் மூடிக்கொள்ளும்போது, அதைத் துடைப்பது அந்தச் சூடான காற்றுதான்.

வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். இரண்டு ஹோஸையும் சேர்த்து வாங்குங்கள். ஒரே வயது, ஒரே சூடு, ஒரே தண்ணீர். ஒன்று போனால் மற்றது பின்னாலேயே வரும். பழைய ஹோஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது. வண்டிக்கென்றே வளைத்து வார்த்த ஹோஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மீட்டர் கணக்கில் விற்கும் நேர் ஹோஸ் போடலாம், ஆனால் கூர்மையாக வளைத்தால் மடிந்து அடைத்துக்கொள்ளும். சற்று நீளமாக எடுத்துப் பெரிய வளைவாகக் கொண்டுபோங்கள். இந்த அளவுக் கார்களில் பெரும்பாலும் உள்விட்டம் 16 மில்லிமீட்டர் அக்கம்பக்கம் இருக்கும். கடைக்காரர் 5 நூல் ஹோஸ் என்பார். இருந்தாலும் உங்கள் பைப்பை அளந்துவிட்டே கேளுங்கள்.

ஹோஸ் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ஹீட்டர் ஹோஸ் என்றோ, சுடுதண்ணீரைத் தாங்கும் ரப்பர் வகையான இபிடிஎம் என்றோ, ஹீட்டர் ஹோஸுக்கான தரக் குறியான எஸ்ஏஇ 20ஆர்3 என்றோ இருக்க வேண்டும். அளவு ஒத்துப்போகிறது என்பதற்காகப் பெட்ரோல் ஹோஸையோ காற்றடிக்கிற ஹோஸையோ மாட்டிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். சுடுதண்ணீரில் வெந்து வெந்து பிறகு பிளாஸ்டிக் மாதிரி விறைத்துவிடும். அதோடு நான்கு புது கிளிப், தேவையான கூலன்ட், அடைத்து விற்கும் டிஸ்டில்டு வாட்டர். பழைய கிளிப்பை மறுபடி போடாதீர்கள். கட்டுக்கம்பி முறுக்கி விடுவது ரப்பரை அறுக்கும்.

வேலையைக் காலையில், வண்டி இரவெல்லாம் நின்று ஆறிய பிறகு தொடங்குங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்ன கணக்கே சொல்லும். முகமும் மார்பும் வெந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். ஹீட்டர் குமிழைச் சூட்டின் பக்கம் முழுக்கத் திருப்பி வையுங்கள், வால்வு இருந்தால் அது திறந்திருக்கும். மூடியைத் திறந்து, ரேடியேட்டர் அடியில் ஒரு அகலமான டப்பா வைத்துத் தண்ணீரை இறக்குங்கள். வரும் தண்ணீரை உற்றுப் பாருங்கள். செம்மண் கரைத்த மாதிரி வந்தால் உள்ளே துரு.

கழற்றும் முன் செல்போனில் நான்கு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஹோஸ் எந்தப் பைப்பில், எதற்கு மேல், எதற்குக் கீழ் என்று மாட்டும்போது குழப்பம் வராது. கிளிப்பைத் தளர்த்திப் பின்னால் தள்ளிவிட்டு, இப்போதுதான் பொறுமை வேண்டும். இருபது வருட ரப்பர் பைப்போடு பற்றிக்கொண்டிருக்கும். இழுத்தால் வராது. பிளையரில் பிடித்துத் திருகத்தான் கை போகும். திருகாதீர்கள். ஹீட்டர் கோரின் பைப் மெல்லிய தகடு. நான் வேலை பழகும் வயதில் அப்படித் திருகி, பைப்பைக் கோரோடு கிழித்துவிட்டேன். பத்து நிமிட வேலை, டேஷ்போர்டு முழுக்க இறக்குகிற இரண்டு நாள் வேலையானது. அந்த வண்டிக்காரர் தங்கையின் கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போனார். எப்படியும் தூக்கிப் போடப்போகிற ஹோஸ்தானே. பைப்பின் நீளவாக்கில் பிளேடால் மேலாகக் கீறி, ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நெம்பி, வாழைப்பழத் தோல் மாதிரி உரித்து எடுங்கள். பிளேடு பைப்பில் கோடு போடாத அளவுக்கு மேலோட்டமாகக் கீற வேண்டும். அந்தக் கோட்டின் வழியே பிறகு ஒழுகும்.

உரித்த ஹோஸின் முனையை விரித்துப் பாருங்கள். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸின் உள்சுவரில் நீளவாக்கில் மெல்லிய கீறல்கள் இருக்கலாம். இன்ஜின் உலோகம், கூலன்ட், ரப்பர் மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்வதால், ரப்பர் உள்ளிருந்து அரிக்கப்படுகிறது. அதனால்தான் வெளித்தோற்றத்தை வைத்து ஹோஸை எடைபோட முடியாது. ஆறிய வண்டியில் பைப்புக்கு அருகே இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்து, பிறகு நடுவில் அமுக்கிப் பாருங்கள். முனை மட்டும் கொழகொழவென்று இருந்தால் ஆயுள் முடிந்தது. இன்ஜின் ஆயில் சொட்டிய ஹோஸும் இப்படித்தான் ஊறிப் பருத்துவிடும். இபிடிஎம் ரப்பருக்கும் ஆயிலுக்கும் ஆகாது. உங்கள் வண்டியில் இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட் கசிந்து ஹோஸ் மேல் வடிகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொரிந்திருப்பதை மெல்லிய எமரி பேப்பரால் வழவழவென்று வரும்வரை தேயுங்கள். குழி குழியாக அரித்துப் போயிருந்தால் புது ஹோஸ் போட்டும் அங்கே கசியும், பைப்பையே மாற்ற வேண்டிவரும். புது ஹோஸ் ஏற அடம்பிடித்தால் கொஞ்சம் கூலன்ட் அல்லது சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸோ ஆயிலோ கூடாது. கிளிப்பை முதலில் ஹோஸில் கோத்துவிட்டு, பைப்பின் முனையில் இருக்கும் தடித்த வளையத்தைத் தாண்டி ஹோஸை நன்றாக உள்ளே தள்ளுங்கள். கிளிப் அந்த வளையத்துக்குப் பின்னால், ஹோஸின் வாயிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். வளையத்தின் மேலேயே கிளிப்பை இறுக்கினால் அழுத்தம் வந்ததும் நழுவும். ரப்பர் கிளிப்பின் பற்களுக்கிடையே பிதுங்கும் அளவுக்கு முறுக்க வேண்டாம். ஹோஸ் சைலன்சர் மேனிஃபோல்டிலோ, கூரான தகட்டிலோ, ஓடுகிற பெல்ட்டிலோ உரசக் கூடாது.

இனி தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடித் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாக அது தெரிந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். வண்டிக்கு ஃப்ளோரைடைவிடப் பெரிய கெடுதல் அந்தத் தண்ணீரின் உப்பும் கடினத்தன்மையும். சோறு வடிக்கிற பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் ரேடியேட்டரின் குச்சி குச்சியான குழாய்களுக்குள்ளும் ஹீட்டர் கோருக்குள்ளும் படிகிறது. குழாய் குறுகும், சூடு வெளியேறாது. தொப்பூர் ஏற்றத்தில் உங்கள் முள் ஏறியதற்கு ஒழுகல் பாதிக் காரணம் என்றால், இந்தப் படிவு மீதிக் காரணமாக இருக்கலாம். அலுமினியம் ஹெட்டை உப்பு அரிக்கவும் செய்யும்.

"இங்கே தண்ணி உறையவா போகுது, கூலன்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உறையாமல் காப்பது கூலன்டின் ஒரு வேலை மட்டும். துருப்பிடிக்காமல் தடுக்கும் மருந்தும் அதற்குள் இருக்கிறது, கொதிநிலையும் ஏறுகிறது. காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதே, அதை ஊற்றலாமா என்றும் கேட்பார்கள். குடிக்க நல்ல தண்ணீர். ரேடியேட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். கேன் தண்ணீரை வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம், வீடு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

புது ஹோஸ் மாட்டியபின் முதலில் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றி, பேட்டரி முனையை மாட்டி, வண்டியைச் சூடாகும்வரை ஓடவிட்டு, ஆறவைத்து இறக்குங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. எவ்வளவு இறக்கினாலும் இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கும் என்பதை மறந்து, பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கூலன்ட் நீர்த்துவிடும். ஆகவே மொத்தக் கொள்ளளவில் பாதி அளவுக்கு, இந்த மாதிரிக் கார்களில் சுமார் 2 லிட்டர், கெட்டியான கூலன்டை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். கலந்தே விற்கும் கூலன்டாக இருந்தால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அதை ஊற்றுவதானால், கழுவி முடித்த கடைசித் தண்ணீரைப் பிளாக்கில் முடிந்தவரை தங்காதபடி நன்றாக வடித்திருக்க வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் வகையைப் பாருங்கள், ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள்.

கடைசிக் கட்டம் காற்றை வெளியேற்றுவது. புது ஹோஸ் போட்டும் வண்டி ஹீட் ஆகிறது என்று வருபவர்களில் நிறையப் பேருக்கு உள்ளே காற்றுதான் சிக்கியிருக்கும். வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹீட்டர் குமிழ் சூட்டில், ரேடியேட்டர் மூடி திறந்தபடி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிடுங்கள். முதலில் குமிழி குமிழியாக வரும், மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும். அப்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் திடீரென்று சூடாகும், மட்டம் இன்னொரு தடவை இறங்கும். அந்த இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள், இரண்டும் சூடாக இருந்தால் தண்ணீர் சுற்றுகிறது. ஒன்று கொதித்து மற்றது ஜில்லென்று இருந்தால் காற்றோ அடைப்போ இருக்கிறது. குமிழி நின்றதும் மூடியைப் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்பதையும் பார்த்துவிடுங்கள். அது எந்த நேரமும் சுற்றத் தொடங்கும், கையும் துண்டும் அதன் பக்கம் போகக் கூடாது.

அன்றைக்கே சேலம் போகாதீர்கள். மாரண்டஹள்ளி வரை போய் வாருங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மட்டத்தையும், பக்கத்திலிருக்கும் கூலன்ட் டப்பாவில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருக்கிறதா என்பதையும் பார்த்து, நான்கு கிளிப்பையும் ஒரு சுற்றுக்குக் குறைவாக இறுக்கிவிடுங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை.

இறக்கிய பழைய கூலன்டை வாசலில் ஊற்றிவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடு மாடும் நக்கும், கொஞ்சம் போதும் சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கேனில் ஊற்றி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஷெட்டில் கேட்டுக் கொடுங்கள். வடித்த டப்பாவைக் கழுவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் பயன்படுத்த வேண்டாம்.